மச்சாள் பின்னிய சட்டைக் கைகள்

அண்ணன் கட்டின மச்சாளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய முகமில்லை, சுண்டுவிரல். அந்த விரலில் ஒரு சின்னச் சட்டைக் கை மாட்டியிருக்கும். பொம்மைச் சட்டையில் வைத்துத் தைக்கிற கை அது. வெள்ளை நூலிலோ ரோஸ் நூலிலோ குரோஷே ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்னியிருப்பார். ஒன்று முடிந்ததும் ஊசியைக் கொண்டையில் செருகிவிட்டு, பின்னியதைச் சுண்டுவிரலில் போட்டு இழுத்துப் பார்ப்பார். நடு மடிப்பில் வந்து நின்றால் அளவு சரி. நான் பக்கத்திலிருந்து பொம்மைகளுக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருப்பேன். சட்டை போட்ட அந்த விரலை என் பக்கம் திருப்பி இரண்டு தரம் வளைத்து, "உம்மைப் பொம்பிளை பார்க்க வந்திருக்கினம், வணக்கம் சொல்லும்" என்பார். "இந்த உயரத்திலயோ மாப்பிள்ளை பார்த்தனீங்கள்?" என்று நானும் விடமாட்டேன். வீட்டில் யாரோடும் அதிகம் கதைக்காத மனுஷி என்னோடு மட்டும் இப்படிப் பகிடி விடுவதில் எனக்குப் பெருமைதான்.

போர் முடிந்து சில வருஷங்கள் போயிருந்தன. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த எங்கள் குடும்பம் ஆலங்குடாவுக்குக் கிட்ட, கடலுக்கும் கல்பிட்டி வீதிக்கும் நடுவில் ஒரு தென்னங்காணியில் இருந்தது. கொஞ்ச நாளைக்கென்று போட்ட கொட்டில் மெல்ல மெல்லக் கல்வீடாகிவிட்டது. கரையில் ஹோட்டல்கள் வரத் தொடங்கியிருந்தன. வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் சறுக்குவார்கள். அண்ணன் அவர்களை டொல்பின் பார்க்கக் கூட்டிப்போகும் படகு ஒன்றில் வேலை செய்தார். அவர்கள் ஊருக்குப் போகும்போது கையில் எதையாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும் அல்லவா, அதற்காக எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னச் சந்தில், பொம்மை செய்தோம்.

செய்வித்தவர் ராத்தா. பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண். அவருடைய தங்கைமார் ராத்தா என்று கூப்பிட்டதால் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவருடைய முன்ஹோலில் பாய் விரித்து வேலை நடக்கும். அவர் அட்டை வைத்துத் துணி வெட்டுவார், மெசினில் உடம்பும் சட்டையும் தைப்பார். பஞ்சு என் வேலை. சட்டைக் கைகள் மச்சாளுடையவை. பொம்மையின் கை மெலிசு, உள்ளங்கை அகலம். துணியில் கை தைத்தால் உள்ளங்கையைத் தாண்டி ஏறாது, பலவந்தமாக இழுத்தால் தையல் விட்டுவிடும். பின்னல் என்றால் இழுபட்டுக் கொடுத்து உள்ளங்கையைத் தாண்டி, பிறகு சுருங்கி மணிக்கட்டில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த வேலைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. ஒரு சோடிக் கையை ஒரே ஆள், ஒரே இருப்பில் பின்னி முடிக்க வேண்டும். நடுவில் எழும்பிப் போய் உலை வைத்துவிட்டு வந்தால் இரண்டாவது கை வேறு மாதிரி வந்துவிடும். எழும்பிப் போனவளின் மனம் ஒரு மாதிரி, திரும்பி வந்தவளின் மனம் இன்னொரு மாதிரி. நூலுக்கு அது தெரிந்துவிடும். எரிச்சலாக இருந்தால் இறுகும், அலுப்பாக இருந்தால் தொய்யும். நான் ஆரம்பத்தில் பின்னிப் பார்த்தபோது என் சோடிகளில் ஒரு கை மற்றதைக் கேலி செய்கிற மாதிரி இருக்கும். ராத்தா அதைப் பார்த்து, "புள்ள, நீங்க பஞ்சையே அடைங்க" என்று சொல்லிவிட்டார். மச்சாளின் சோடிகளில் வலது எது இடது எது என்று கண்டுபிடிக்க முடியாது. வாசலில் யார் கூப்பிட்டாலும், அடுப்பில் பால் பொங்கினாலும், சோடி முடியாமல் மச்சாள் எழும்பமாட்டார்.

மச்சாள் வன்னியில் பிறந்தவர். கடைசிச் சண்டையில் தாய், தகப்பன், தம்பி, தங்கைகள் என்று ஒருவரும் மிஞ்சவில்லை. முகாமிலிருந்து தனியாக வெளியே வந்தார். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் பேசி எங்கள் அண்ணனுக்குக் கட்டிவைத்தார். அந்த நாட்களைப் பற்றி அவர் எங்களிடம் ஒன்றும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கலியாணமாகி வெகுநாள் பிள்ளை தங்கவில்லை. பிறகு தங்கியது. அன்று கிணற்றடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி, இனி எனக்கெண்டு ரத்தத்தில ஒரு ஆள் இருக்கப்போகுது. என்ர அம்மாவின்ர மூக்கோ, தம்பியின்ர காதோ, என்னவாவது ஒண்டு திரும்பி வரும்." நான் கப்பியில் கிடந்த கயிற்றை இழுத்துத் தண்ணீர் அள்ளினேன்.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு முன்கூட்டியே உடுப்பு வாங்கவோ தைக்கவோ கூடாது என்பது எங்கள் சனத்தின் வழக்கம். வாங்கினால் கண்பட்டுவிடும், பிள்ளைக்குக் கூடாது. அம்மா இதில் மிகக் கண்டிப்பு. மச்சாள் ராத்தா வீட்டில் பொம்மைக் கை பின்னுவதைக்கூட அம்மா சந்தேகமாகத்தான் பார்த்தார். "அது சின்ன உடுப்புத்தானே" என்பார். "மாமி, அது பொம்மையின்ர. பிள்ளைக்கு ஒரு நூல்கூட எடுக்கேல்லை" என்று மச்சாள் சத்தியம் பண்ணாத குறை. உண்மையாகவே எடுக்கவில்லை. இவ்வளவு கைவேலை தெரிந்தவர், ஆசையாக ஒரு தொப்பி பின்னிப் பெட்டிக்குள் ஒளித்து வைக்கலாம், நான் என்றால் வைத்திருப்பேன். அவர் வைக்கவில்லை. எல்லாரையும் இழந்தவருக்கு எந்த வழக்கத்தையும் மீறப் பயமாக இருந்திருக்கும்.

ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது. ஒரு காலை வேளை, நானும் மச்சாளும் ராத்தாவின் ஹோலில் இருந்தோம். ராத்தா உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தார். மச்சாள் ஒரு கையை முடித்து இரண்டாவதைத் தொடங்கியிருந்தார். நான் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். அவர் பதில் சொல்லவில்லை. பின்னும்போது சில நேரம் அப்படித்தான், அதனால் நான் கவனிக்கவில்லை. முகம் வியர்த்திருந்தது. ஊசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, இரண்டு கைகளையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, எனக்குத் தண்ணி போகுது."

பாய் நனைந்திருந்தது. இரண்டாவது கையைத் தொடங்கும்போதே தண்ணீர்க்குடம் உடைந்திருக்கிறது. சோடி குறையாக நிற்கிறதே, முடித்துவிட்டுச் சொல்வோம் என்று இருந்திருக்கிறார். இதை வெளியாட்களிடம் சொன்னால் பைத்தியம் என்பார்கள். கைவேலை செய்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும், "ஓம், நானும் இருந்திருப்பன்" என்றுதான் சொல்லியிருப்பாள்.

ராத்தா சோற்றுப் பானையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். ஓட்டோ வந்தது. அண்ணன் கடலில், போன் எடுபடவில்லை. நான் வீட்டுக்குள் ஓடி ஒரு பையில் கையில் அகப்பட்டதைத் திணித்தேன். ஒரு சீலை, துவாய், போத்தல், அதோடு மச்சாளின் நூல் கூடை. பிள்ளைக்கு உடுப்பு என்று எடுக்க வீட்டில் ஒன்றுமில்லை. புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்து அம்புலன்ஸில் சிலாபத்துக்கு அனுப்பினார்கள். குறைமாதப் பிள்ளைகளைப் பார்க்க அங்கே வசதி கூட என்றார்கள். வழி முழுக்க மச்சாள் ஒரே வசனத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "பாதிக் கைதான் இருந்தது. பாதிக் கைதான் இருந்தது." நான் அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தேன். உப்பளங்களில் வெயில் கண்ணைக் குத்தியது.

பிள்ளை அன்று பின்னேரம் பிறந்தது. பெண். அழுதது என்றார்கள், நாங்கள் கேட்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மூக்கில் ஒரு குழாய், கையில் ஊசி, கால்மாட்டில் ஒரு விளக்கு. பொம்மைகளோடு வேலை செய்கிற எனக்கே அந்த உடம்பு மிகச் சின்னதாகத் தெரிந்தது. தோலுக்குள்ளால் ரத்தம் ஓடுவது தெரிந்தது. மச்சாள் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் அம்மாவின் மூக்கா, தம்பியின் காதா என்று பார்த்திருப்பார்.

டொக்டர் நல்ல மனுஷன். தாமதித்து வந்ததால்தான் இப்படியா என்று மச்சாள் கேட்டதற்கு, இல்லை, தண்ணீர்க்குடம் உடைந்தது உங்களுடைய பிழையில்லை, அந்தக் கொஞ்ச நேரத்தால் எதுவும் மாறியிருக்காது என்று பொறுமையாகச் சொன்னார். மச்சாள் தலையாட்டினார். டொக்டர் போன பிறகு தாதியிடம் அதையே கேட்டார். தாதி மாறி வேறொருவர் வந்தபோது அவரிடமும் கேட்டார். தரையைத் துடைக்க வந்த பெண்ணிடமும் கேட்டார். எல்லாரும் இல்லை என்றார்கள். ஒருவராவது ஓம் என்று சொல்லமாட்டாரா என்றுதான் தேடினார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

பிள்ளையைப் பார்த்துக்கொண்ட தாதி சிங்களப் பெண். தமிழ் கொஞ்சம் வரும். அடுத்த நாள் மச்சாளிடம் வந்து, "நங்கி, பேபி கை இழுக்குது. டியூப் கழண்டு போகுது. துணி கட்டினா வழுக்குது" என்றார். நங்கி என்றால் தங்கச்சி. என் மடியில் கிடந்த நூல் கூடையைப் பார்த்துவிட்டு, காலுக்குப் போடுகிற மேஸ் மாதிரிக் கைக்கு, விரலை மூடினபடி ஒன்று பின்ன முடியுமா என்று சைகையால் கேட்டார். "ஓட்டை வேணாம். ஓட்டையில விரல் மாட்டும்." பின்னினால் அவித்துக் கழுவித் தானே போட்டுவிடுவதாகச் சொன்னார். மச்சாளைக் கூட்டிப்போய்க் கையை நன்றாகக் கழுவ வைத்து, பெட்டியின் வட்ட ஓட்டைக்குள்ளால் ஒரு கையை விடச் சொன்னார். மச்சாள் தன் பெருவிரலைப் பிள்ளையின் கைக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே மொத்தம், ஒரே பருமன்.

அதன் பிறகு நான் பார்த்ததை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரி வாட்டின் வெளி விறாந்தையில், வரிசையாகப் போட்டிருந்த கதிரைகளில் ஒன்றில் இருந்து மச்சாள் பின்னினார், பிரித்தார். பின்னினார், பிரித்தார். ராத்தா வீட்டில் ஒரு தரம்கூடப் பின்னலைப் பிரித்துப் பார்த்திராத கை. நூல் நனைந்து அழுக்கானதும் அறுத்தெறிந்துவிட்டுப் புது முனை எடுப்பார். பெருவிரலில் போடுவார், இழுப்பார், விரலின் நிறம் மாறுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "இறுகுதோ? தங்கச்சி, நீர் பிடிச்சுப் பாரும், இறுகுதோ?" இல்லை என்றால் நம்பமாட்டார். தளர்த்திப் பின்னினால் கழன்று போகும், குழாயை இழுத்துவிடும் என்று தவிப்பார். "பொம்மைக்கு இறுகினா அது சொல்லாது. இதுவும் சொல்லாதே. அழவும் சத்தமில்லையே இதுக்கு" என்றார். பால் சுரந்து சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. பால் எடுக்கச் சொல்லித் தாதி கூப்பிடும்போது மட்டும் எழும்பிப் போவார். வந்ததும் மறுபடி பிரிப்பார், ஏனென்றால் எழும்பிப் போய்விட்டு வந்தாரே.

பின்னேரம் அண்ணன் வந்து சேர்ந்தார். படகில் உடுத்த காற்சட்டையோடேயே பஸ் ஏறியிருக்கிறார். மச்சாளுக்குப் பக்கத்தில் இருந்தார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷன். நூல் உருண்டை கதிரையிலிருந்து விழுந்து உருளாமல் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு இருந்தார். அந்த நேரம் எனக்கு அண்ணனில் வந்த பாசம் முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

கடைசியில் ஒரு சோடி முடிந்தது. மூடின விரல்கள், நெருக்கமான பின்னல், மேலே கட்ட ஒரு நாடா. தாதி அவற்றை அவித்து உலர்த்திப் பிள்ளைக்குப் போட்டார். சரியாக இருந்தது. இறுகவில்லை, வழுக்கவும் இல்லை. "ஹரி ஷோக்", நல்ல வடிவு என்று தாதி சிரித்தார். மச்சாளும் சிரித்தார், அந்த நாட்களில் ஒரேயொரு தரம். தாதிமார் மாற்றுவதற்குக் கேட்கக் கேட்க இன்னும் பின்னிக் கொடுத்தார். இப்போது பிரிக்க வேண்டியிருக்கவில்லை. பெருவிரலை வைத்துப் பார்க்காமலே அந்த அளவு தானாக வந்தது. பிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் இறங்கத் தொடங்கியது. அண்ணன் எங்களுக்குப் பாண் வாங்கி வந்தார், நாங்கள் சாப்பிட்டோம். நான் அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து, "வெளியில வாடி, உனக்கு மாப்பிள்ளை பார்க்கிறன்" என்றேன். தப்பித்துவிடும் என்று நான் மெய்யாகவே நம்பினேன்.

ஒரு விடியற்காலை அந்தத் தாதி விறாந்தைக்கு வந்தார். கையில் ஒன்றுமில்லை. வழக்கமாக, கழுவப் போட்டவற்றையாவது கொண்டு வருவார். மச்சாள் அவருடைய கையைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. "நங்கி" என்றார் தாதி. அதற்கு மேல் அவருக்குத் தமிழும் வரவில்லை, சிங்களமும் வரவில்லை. உள்ளே போனோம். குழாய்களைக் கழற்றி, பிள்ளையைத் துணியில் சுற்றி மச்சாளின் கையில் கொடுத்தார்கள். அன்றுதான் பிள்ளையை முதல்முதலாகத் தூக்கினார். துணிக்கு வெளியே ஒரு கை நின்றது, வெள்ளைப் பின்னலோடு. மச்சாள் அந்தக் கையை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டார். தாதி மெதுவாக, அதைக் கழற்றவா என்று கேட்டார். மச்சாள் வேண்டாம் என்று தலையசைத்தார். அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து, அப்படியே தென்னங்காணிக்குப் பின்னால் மணலில் புதைத்தோம். மச்சாள் அழவில்லை.

அதன் பிறகு வந்தவர்கள் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு ஆறுதல் சொல்பவர்களை அன்றிலிருந்து பிடிப்பதில்லை. "உனக்கு வயசிருக்குது, இன்னொண்டு பிறக்கும்" என்றாள் ஒருத்தி. கடையில் தீர்ந்துபோன சாமான் நாளைக்கு வரும் என்கிற மாதிரிச் சொன்னாள். நான் அவளோடு சண்டை பிடித்து, அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போக வேண்டி வந்தது. மச்சாளுக்குப் பால் நிற்கவில்லை. குடிக்க ஆளில்லாத பாலை உடம்பு சுரந்துகொண்டே இருந்தது. பால் வற்றட்டும் என்று அம்மா மல்லிகைப்பூ வாங்கி மார்பில் கட்டிவிட்டார். வீடு முழுக்க மல்லிகை மணந்தது, கலியாண வீடு மாதிரி.

சில கிழமைகளின் பின் மச்சாள் தானாகவே நூலை எடுத்தார். எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. ஏதோ ஒன்றில் கை ஓடினால் மனமும் ஓடும் என்று அம்மா சொன்னார். முதல் சோடி முடிந்தது. சுண்டுவிரலில் போட்டார். அது சுழன்று கீழே விழுந்தது. அடுத்த சோடியும் அப்படியே. இறுக்கிப் பிடித்துப் பின்னினார். கண்ணிகளைக் குறைத்துப் பார்த்தார். எப்படியோ நடுவில் கை தன்பாட்டுக்குத் தளர்ந்து, முடியும்போது பெருவிரல் அளவில் வந்து நின்றது. ஒவ்வொரு சோடியும் எங்கள் பிள்ளைக்கு அளவாக வந்தது. மச்சாள் ஊசியைப் பாயில் போட்டுவிட்டு, கைகளை யாருடையவோ போலப் பார்த்தார். "என்ர கை சொல்வழி கேட்குதில்லை, தங்கச்சி. அந்த அளவு இதுக்குள்ள இருந்து போகுதில்லை. இனி என்னால ஏலாது."

அதற்குப் பிறகு பின்னவில்லை. சாப்பாட்டையும் விட்டுவிட்டார். ஒரு நாள் மத்தியானம் வீட்டில் ஆளைக் காணவில்லை. நான் கடற்கரைக்கு ஓடினேன். கடலுக்குப் பயந்த மனுஷி, கரையில் கால் நனைக்கக்கூட மாட்டார். அன்று சீலையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். தூரத்தில் வெள்ளைக்காரரின் பட்டங்கள் பறந்துகொண்டிருந்தன, யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. நான் உள்ளே இறங்கி அவருடைய கையைப் பிடித்தேன். "குளிக்க வந்தனான்" என்றார். ஓம் என்றேன். இழுத்துக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து ஆளை ஆள் மாற்றிக் காவல் இருந்தோம். எத்தனை நாள் காவல் இருக்க முடியும்? எல்லாரையும் சண்டையில் கொடுத்த பிறகும் உயிரோடு வந்தவர், எங்கள் வீட்டில், எங்கள் கண் முன்னால் போய்விடப் போகிறார் என்று நான் பயந்தேன்.

மிஞ்சிய நூலையும் வீணாய்ப்போன சோடிகளையும் கூடையோடு ராத்தாவிடம் கொண்டுபோனேன். மச்சாள் இனி வரமாட்டார், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லத்தான் போனேன். ராத்தா ஒரு சட்டைக் கையை எடுத்து விரலில் போட்டுப் பார்த்தார். சுண்டுவிரலில் சுழன்றது. ஒவ்வொரு விரலாகப் போட்டுக்கொண்டு வந்து பெருவிரலில் நின்றார். இது என்ன அளவு என்று நான் சொல்லவேண்டி வரவில்லை. பிள்ளையைப் புதைக்கும் முன் அவரும் வந்து பார்த்தவர்தானே. "யா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார். பிறகு சுவரில் மாட்டியிருந்த பொம்மைக் கை அட்டையைக் கழற்றி, கிழித்து இரண்டாக்கினார்.

"என்ன ராத்தா செய்யிறீங்கள்?"

"சட்டக் கை பெரிசா வந்தா, பொம்மைட கையப் பெருசாக்கிறது. பொம்ம நாம செய்யிறதுதானே புள்ள. சின்னதாத்தான் இரிக்கணும்டு ஆரு சொன்ன?"

தன் பெருவிரலை அளவாக வைத்துப் புது அட்டை வெட்டினார். உடம்பும் சட்டையும் ஏற்கனவே வெட்டிக் கிடந்தன, அவற்றை மாற்ற முடியாது. அதனால் உடம்பு பழைய அளவிலும் கைகள் மட்டும் மொத்தமாகவும் வந்தன. நான் பஞ்சடைத்தேன். ஆள் மெலிசு, கை மட்டும் மொழுமொழுவென்று இருந்தது. எங்கள் பொம்மைகளை வாங்குகிற ஹோட்டல் கடைக்காரன் என்ன சொல்வானோ என்று கேட்டேன். "அவன் என்ன சொன்னா எனக்கென்ன" என்றார் ராத்தா. மச்சாள் பின்னிய கைகளைச் சட்டையில் வைத்துத் தைத்து, பொம்மைக்குப் போட்டார். அவை உள்ளங்கையைத் தாண்டி ஏறி, மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டன.

அந்தப் பொம்மையை நானே வீட்டுக்குக் கொண்டுபோனேன். மச்சாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பக்கத்தில் வைத்துவிட்டுக் கால்மாட்டில் இருந்தேன். வெகு நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தார். தன் பின்னலை அடையாளம் கண்டுகொண்டார். எழும்பி இருந்து, சட்டைக் கையை மேலே தள்ளி உள்ளே இருந்த துணிக்கையைத் தடவினார். பழைய பொம்மைகளின் கையை அவருக்குத் தெரியாதா? இது வேறு கை, தன் பின்னலுக்கென்று வெட்டிய கை என்று அவருக்கு உடனே விளங்கியிருக்கும். சட்டைக் கையைக் கீழே இழுத்து நேராக்கினார். அந்தக் கையை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்தார்.

பிறகு அழுதார். ஆஸ்பத்திரியிலும் அழாத, மணல் போடும்போதும் அழாத அழுகை. அம்மா ஓடி வந்தார், ஒழுங்கையால் போன சனம் வாசலில் நின்றது. நான் யாரையும் உள்ளே விடவில்லை. அவர் வன்னியில் விட்டு வந்த எல்லாருடைய பெயரையும் சொல்லி அழுதார். அந்தப் பெயர்களை நாங்கள் கேட்டது அன்றுதான். பொழுது சாயும்வரை அழுதுவிட்டு, "பசிக்குது தங்கச்சி" என்றார்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் போய்விட்டன. மச்சாளுக்குப் பிறகு பிள்ளை பிறக்கவில்லை. ராத்தாவுக்கு இப்போது பார்வை குறைவு, துணி வெட்டுவது நான். எங்கள் பொம்மைகளின் கை இன்றைக்கும் மொத்தம்தான். ஹோட்டல் கடைக்காரன் ஆரம்பத்தில் முறைத்தான், பிறகு வெள்ளைக்காரர்களுக்கு அதுதான் பிடிக்கிறது என்று தானே வந்து சொன்னான். புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண், கையைக் கொஞ்சம் மெலிதாக வெட்டினால் அழகாயிருக்குமே அக்கா என்று போன மாதம் கேட்டாள். நல்ல பிள்ளை, அவளுக்கு ஒன்றும் தெரியாது. இதுதான் அளவு, இதற்குக் கீழே ஒரு நூலும் குறையக்கூடாது என்று சொன்னேன். குரலில் கொஞ்சம் கடுமை வந்துவிட்டது போல, அவள் பயந்துவிட்டாள்.

மச்சாள் இப்போதும் சன்னலோரம் இருந்து பின்னுகிறார். தலை நரைத்துவிட்டது. பகிடி திரும்பி வந்துவிட்டது, எனக்குக் கலியாணமாகிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதிலும் மாப்பிள்ளை பார்க்கிறார். உடுப்புப் போட்டு முடித்த பொம்மைகளைக் கூடையில் அடுக்குவதும் அவருடைய வேலைதான், வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து, சட்டைக் கையை நேராக்கி, அந்தக் கையை இரண்டு விரல்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருப்பார். பிறகுதான் கூடைக்குள் வைப்பார். அந்த நேரத்தில் நாங்கள் யாரும் மச்சாளைக் கூப்பிடுவதில்லை.